பொன்மணி சித்தி சுற்றிய உண்டியல்

எங்கள் பொன்மணி சித்தியிடம் எந்தப் பொருளையும் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுத்து வைக்கக் கூடாது. சணல் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவள் வீட்டில் டி.வி. ரிமோட்டுக்குச் சணல் சுற்றியிருக்கும். தோசைக்கரண்டிக் காம்பு, குடைப்பிடி, சித்தப்பாவின் சைக்கிள் ஹேண்டில்பார், எல்லாம் சணல். ஒருநாள் அவள் வீட்டில் மதியம் தூங்கி எழுந்தபோது என் பின்னல் நுனியில் ரப்பர் பேண்டைக் காணோம். அந்த இடத்தில் பதினெட்டுச் சுற்றுச் சணல் இருந்தது. அவிழ்க்க முடியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன், முடியோடு சேர்த்து.

இதை வியாதி என்று நினைக்க வேண்டாம். வேலை. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சித்தி பதினாறு வருடமாக அணுகுண்டு சுற்றுகிறாள். மருந்து அடைத்த காகிதப் பெட்டிக்கு மேல் சணலை இறுக்கிச் சுற்ற வேண்டும். நீளவாக்கில் ஒரு அடுக்கு, குறுக்குவாக்கில் ஒரு அடுக்கு, பிறகு பசையில் முக்கிக் காயவைக்க வேண்டும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சத்தம். தீபாவளியன்று உங்கள் தெருவில் ஒரு குண்டு வெடித்து, நிறுத்தி வைத்த பைக்குகள் எல்லாம் கத்தியிருந்தால் அது சித்தி சுற்றியதாக இருக்கலாம். தளர்வாகச் சுற்றினால் குண்டு வெடிக்காது, தும்மும். சித்தி சுற்றியது தும்மியதாக இதுவரை புகார் வந்ததில்லை.

சித்திக்கு ஊரில் இன்னொரு பேரும் உண்டு. குலவை. பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுக்கும்போது அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டால் மூன்றாவது தெருவில் கன்றுக்குட்டி கட்டை அறுத்துக்கொள்ளும். மைக் செட்காரர் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து வைப்பார், வெட்கப்பட்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்தியின் முன்பல் இரண்டு போயின. அதற்குக் காரணம் நான்.

நான் பாண்டிச்செல்வி. வயது பதினேழு. பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயில். இப்போது ஒரு தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறேன். எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம், எழுதுவது, வெட்டுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் இடது கையில். கணக்கில் பெயிலானதற்கு அதுதான் காரணம் என்று வாத்தியார் சொன்னார். கணக்குத்தான் காரணம் என்று நான் சொன்னேன்.

அன்றைக்கு சித்தி நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு மாமியார் விஷம் வைக்கிற கட்டம். உலகம் அழிந்தாலும் திரும்பமாட்டாள். நான் நைசாகக் குனிந்து அவள் சேலை முந்தானையை நாற்காலிக் காலில் அவள் சணலாலேயே கட்டிவிட்டு வெளியே ஓடிவிட்டேன். எழுந்து நடப்பாள், நாற்காலியும் நாய்க்குட்டி மாதிரி பின்னால் வரும், சன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கலாம். திட்டம் அவ்வளவுதான். அதற்குள் விளம்பரம் வந்தது. அடுப்பில் பால் பொங்கியது. சித்தி ஓடினாள். நாற்காலி நகரவில்லை. சித்தி கட்டில் சட்டத்தில் விழுந்தாள்.

நான் உள்ளே ஓடி வந்தபோது வாயெல்லாம் ரத்தம். நாற்காலிக் காலில் கயிற்றைக் காணோம். தெருவே கூடிவிட்டது. எல்லோரிடமும் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றைத்தான் சொன்னாள். "சேலை தடுக்கிருச்சு." கயிறு தானாக அவிழ்ந்திருக்கும், அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வந்தது.

அந்த வருடப் பொங்கலுக்கு சித்தி குலவை போட வாயைத் திறந்தாள். "புஸ்ஸ்ஸ்" என்று வந்தது. பட்டாசு ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேறு பேர் வைக்க மாட்டார்கள். அன்றிலிருந்து அவள் புஸ்வாணம். சித்தியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அதற்குப் பிறகு அவள் சிரிக்கும்போதெல்லாம் முந்தானை வந்துவிடும். குலவைக்கு முன்வரிசையில் மாரித்தாய் அக்காள் வந்தாள். அவள் குலவை மிக்ஸியில் கரண்டி விழுந்த மாதிரி இருக்கும்.

பல் கட்டுவதற்குத்தான் சித்தி உண்டியல் போட்டாள்.

சாத்தூர் சந்தையில் வாங்கிய மண் உண்டியல், ஒரு பூசணிக்காய் அளவு. முதல் மாதமே சங்கிலிமுத்துச் சித்தப்பா ஈர்க்குச்சி நுனியில் பசை தடவி வெற்றிலைபாக்குக்கு நாணயம் எடுக்கக் கற்றுக்கொண்டார். அவர் கம்பெனியில் லோடுமேன். அம்பது கிலோ அட்டைப்பெட்டியை ஒற்றைத் தோளில் தூக்குவார், சித்தி இருமினால் பயப்படுவார். சித்தி கண்டுபிடித்து உண்டியலுக்கு ஒரு அடுக்குச் சணல் சுற்றினாள், வாயை மட்டும் சின்னதாக விட்டுவிட்டு. அப்புறம் கை நிற்கவில்லை. தினமும் சீரியல் பார்க்கும்போது மடியில் உண்டியல். மாமியார் அதட்டினால் இரண்டு சுற்று, மருமகள் அழுதால் நாலு சுற்று. வாரம் ஒருமுறை மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் நீல நிற மயில்துத்தமும் போடுவாள். இரண்டு வருடத்தில் பூசணிக்காய் பெரிய பலாப்பழமாகிவிட்டது. கடைசியில் அழகுக்காக மேலே பச்சைத் தாள் ஒட்டி, பிரஸ்ஸில் கழித்துப்போட்ட ஒரு குண்டு லேபிளையும் ஒட்டினாள். மிசினில் தாள் நகர்ந்து அச்சானதால் அந்த லேபிளில் இருக்கிற கிளிக்கு இரண்டு மூக்கு.

உண்டியலின் வாய் ஒரு பேனா நுழையும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நோட்டைத் திரி மாதிரி முறுக்கித்தான் உள்ளே செருக முடியும். சித்தி அப்படித்தான் செருகினாள். அவள் வேலைக்குப் போன நேரத்தில் நானும் செருகினேன், சனிக்கிழமை சனிக்கிழமை, கொக்கி வைத்த காசில் இருபது, சில வாரம் அம்பது. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள்.

இந்தப் பங்குனிக்கு முன்னால் சித்தி சாத்தூர் பல் டாக்டரிடம் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தாள். பல் தயார். "சனிக்கிழமை மூணு மணிக்குள்ள பணத்தோட வாங்க, மாட்டிவிட்டுர்றேன். அதுக்கப்புறம் நான் ஊருக்குப் போயிருவேன், அடுத்த வாரந்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். முளைப்பாரி செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை தவறினால் இந்த வருடமும் மாரித்தாய், மிக்ஸி, கரண்டி.

"யார்ட்டயாவது கைமாத்து வாங்கிட்டுப் போவமா?" என்று சித்தப்பா கேட்டுப் பார்த்தார்.

"கடன் வாங்கிப் பல்லுக் கட்டுனா, அந்தப் பல்லக் காட்டிச் சிரிக்க எனக்கு வராது" என்றாள் சித்தி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. உண்டியலை வீட்டு நடுவில் வைத்துச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தோம். சித்தப்பா அரிவாளை எடுத்தார்.

"இங்கருங்க! இரும்ப எடுக்காதீக!" சித்தி கத்தினாள்.

"ஏ, இது உண்டியல்ட்டி."

"இருக்கட்டும். சணல் சுத்துன சாமான் மேல இரும்பு படக் கூடாது."

பதினாறு வருடப் பழக்கம். கம்பெனிக்குள் இரும்பு கூடாது, கம்பி கூடாது, உரசக் கூடாது, இழுக்கக் கூடாது. சித்தி வீட்டில் தேங்காய் உடைப்பதென்றால்கூட எல்லோரையும் வாசலுக்கு அனுப்பிவிடுவாள். சித்தப்பா உலக்கையைக் கொண்டு வந்தார். உலக்கை நுனியில் இரும்புப் பூண் இருந்தது. தள்ளுபடி. பருப்பு மத்தால் தட்டிப் பார்த்தோம். மத்து உடைந்தது. சித்தி பார்க்காத நேரம் சித்தப்பா அரிவாளால் ஒரு போடு போட்டார். பசை காய்ந்து அது கல்லாகியிருந்தது. அரிவாள் வழுக்கிப் போய் நாற்காலிக் காலை வெட்டியது. அந்த நாற்காலிக்கு நேரம் எப்போதும் சரியில்லை.

"நீ சுத்துறதுதான் சுத்துற, கொஞ்சம் தளர்வாச் சுத்தக் கூடாதா?" என்றார் சித்தப்பா.

"தளர்வாச் சுத்துனா எப்படிங்க வெடிக்கும்?" என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று சித்தியே யோசித்தாள்.

மணி பத்தரை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் நடந்த தப்பெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

"சித்தி, மொட்டை மாடியில இருந்து கீழ போட்டுருவோம். இரும்பும் இல்ல, கட்டையும் இல்ல. தரைதான் உடைக்கும்."

சித்தி கம்பெனிச் சட்டப்படி யோசித்துப் பார்த்தாள். "தரை சிமெண்டுதான? கம்பி கிம்பி வெளிய தெரியலையே?"

"தெரியல."

மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். போகும்போதுதான் பார்த்தேன். அன்று காலையில், கடைசி வாரமாயிற்றே என்று அவசரமாக நான் செருகிய இருபது ரூபாய் நோட்டு முழுசாக உள்ளே போகவில்லை. இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முறுக்கிய நோட்டு, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். பச்சை உருண்டை, கிளி லேபிள், மேலே ஒரு திரி. உலகத்தில் இதைவிடப் பெரிய அணுகுண்டை யாரும் பார்த்திருக்க முடியாது. உள்ளே தள்ள விரலை நீட்டினேன். அதற்குள் சித்தப்பா "ஒண்ணு, ரெண்டு" சொல்லிவிட்டார்.

தரை அதை உடைக்கவில்லை. உண்டியல் பந்து மாதிரி இரண்டு தடவை எகிறியது. பிறகு தெருவில் இறங்கி உருண்டது. எங்கள் தெரு சங்கையா மாமா டீக்கடையைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழைத்தண்ணீர் அங்கேதான் போகும், செருப்பு அங்கேதான் போகும், உண்டியலும் அங்கேதான் போனது.

டீக்கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் போர்மேன் சுடலை. சித்தி கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இன்னும் சட்டைப்பையில் விசில் வைத்திருப்பார். கம்பெனியில் அவர் இருந்தவரைக்கும் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவாமல் வந்தவர்களைக்கூட உள்ளே விடமாட்டார், பறக்கிற முடியில் உராய்வு வரும் என்பார். அவர் டீ கிளாசை வாயில் வைக்கும்போது அந்தப் பச்சைச் சாமான் அவர் காலடியில் வந்து நின்றது, திரி மேலே பார்த்தபடி.

யாரும் கத்தவில்லை. எட்டுப் பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே நொடியில் தரையில் படுத்தார்கள். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்காவும் படுத்தாள், கோலத்தின் மேலேயே. மாடியிலிருந்து பார்க்கச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப் படுக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"அண்ணாச்சி! அது எங்க உண்டியலு!" சித்தி மாடியிலிருந்து கத்தினாள். முன்பல் இல்லாத வாய், எதிர்க்காற்று. கீழே போனபோது பாதி எழுத்துத்தான் மிச்சம்.

"குண்டுன்னு அந்தப் பிள்ளையே சொல்லுது!" என்றார் போர்மேன். விசிலை ஊதினார். "ஒருத்தரும் ஓடாதீக! ஓடுனாத் தூசி, தூசியில கல்லு, கல்லுல உராய்வு! ஏலே சங்கையா, அடுப்ப அணை!"

"பாலு காயுதுங்க."

"நீ காயணுமா, பாலு காயணுமா?"

அடுப்பு அணைந்தது. போர்மேன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். எல்லோரையும் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னார். போனார்கள். பிறகு அந்த அறுபத்து நாலு வயது மனிதர் குனிந்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது மாதிரி உண்டியலை இரண்டு கையாலும் தூக்கினார். டீக்கடைத் தண்ணீர் டிரம் எட்டு அடி தூரத்தில் இருந்தது. எட்டு அடிக்கும் அவர் வாய் ஏதோ சாமி பேரை முணுமுணுத்தது. மெதுவாக, அலை எழும்பாமல், உண்டியலைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

அதை உண்டியல் என்று தெரிந்து தூக்கியிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். அவர் குண்டு என்று நம்பித் தூக்கினார்.

நாங்கள் மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தோம்.

"லாரித் தண்ணி!" சங்கையா மாமா அழாத குறை. "கொடம் பன்னெண்டு ரூவா குடுத்து வாங்குன தண்ணி!"

"அண்ணாச்சி, அது உண்டியலு. என் பல்லுக் காசு" என்றாள் சித்தி.

"நல்லா இருக்கும்மா கதை. வீட்டுல வச்சுத் தயார் பண்ணுறீகளா? எம்புட்டு நாளா நடக்குது?"

"சத்தியமா உண்டியலு, அண்ணாச்சி. நாந்தான் சுத்துனேன்."

"சுத்துனது தெரியுது. உன் சுத்துத்தான்னு பார்த்தவுடனே தெரியும். திரி எதுக்கும்மா வச்ச?"

"திரியா? நான் வைக்கலையே."

எல்லோரும் டிரம்மைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"தண்ணிக்குள்ள இருபத்து நாலு மணி நேரம் கெடக்கணும். சட்டம்" என்றார் போர்மேன்.

"மூணு மணிக்கு டாக்டர் போயிருவாரு, அண்ணாச்சி!"

"டாக்டர் போனா அடுத்த வாரம் வருவாரு. கையி போனா வராது."

சித்தி டிரம்முக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கை மட்டும் பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து, சங்கையா கடைச் சணலை அதன் தலையில் சுற்ற ஆரம்பித்தது. மணி பதினொன்று, பதினொன்றரை. டிரம்மிலிருந்து அவ்வப்போது "குபுக்" என்று ஒரு குமிழி வரும். வரும்போதெல்லாம் எட்டுப் பேரும் ஒரு அடி பின்னால் போவார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அது திரி இல்லை, நான் செருகிய நோட்டு. சொன்னால் எதற்குச் செருகினாய் என்பார்கள். அதைச் சொன்னால் நாற்காலி, கயிறு, கட்டில், எல்லாம் வரிசையாக வரும். வாயை மூடினேன். சித்தியைப் பார்த்தேன். விளக்குமாறு முக்கால்வாசி முடிந்திருந்தது. மறுபடி வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் தண்ணீருக்குள்ளிருந்து திரி தானாகக் கழன்று மேலே வந்தது. எல்லோரும் பார்க்கப் பார்க்க மெல்ல முறுக்கு விட்டு, விரிந்து, மல்லாந்து மிதந்தது.

போர்மேன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏலே சங்கையா. திரியில காந்தி எப்படிலே வந்தாரு?"

தெரு சிரித்த சிரிப்பில் கோலத்து அக்கா இன்னொரு தடவை கோலத்தில் உட்கார்ந்துவிட்டாள். போர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. விசிலைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். காலிக் கிளாசை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். சித்தியும் பார்த்தாள். சித்தி அந்த இருபது ரூபாயைத் தண்ணீரிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து, நீவாமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருந்தது.

உண்டியலை வெளியே தூக்கினோம். ஒரு மணி நேரம் தண்ணீர் குடித்ததில் பசை இளகி, அல்வா மாதிரி வழிந்தது. அரிவாளுக்கு அசையாதது லாரித் தண்ணீருக்கு அசைந்துவிட்டது. சித்தி தடவிப் பார்த்துச் சணலின் நுனியைப் பிடித்துவிட்டாள். இனி பிரிக்க வேண்டியதுதான்.

ஆனால் சித்திக்குப் பிரிக்க வரவில்லை. பதினாறு வருடமாக ஒரே பக்கம் சுற்றிய கை. இருபது சுற்றுப் பிரிப்பாள், பக்கத்தில் யாராவது ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்லிக்கொண்டே கை பன்னிரண்டு சுற்றை மறுபடி சுற்றிவிடும், முன்னைவிட இறுக்கமாக.

"ஏய், சுத்துற! சுத்துற!" என்று சித்தப்பா கத்துவார்.

"நான் எங்க சுத்துறேன்? கையில்ல சுத்துது!"

மணி பன்னிரண்டே கால். ஒரு மணிக்குப் பஸ். அதை விட்டால் மூன்றரைக்குத்தான்.

"சித்தி, என்ட்ட குடுங்க" என்றேன்.

எனக்கு அது தண்ணீர் குடிப்பது மாதிரி. அவள் வலக்கை சுற்றியதெல்லாம் என் பீச்சாங்கைக்கு நேர்ப்பாதை. சித்தப்பா உண்டியலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் இழுக்க இழுக்க அது பம்பரமாகச் சுழன்றது. சணல் தெருவில் குவிந்தது, சங்கையா கடை பெஞ்சு மறைந்தது, ஒரு ஆட்டுக்குட்டி உள்ளே போய்க் காணாமல் போய்த் திரும்ப வந்தது. கிளி இரண்டு மூக்கோடும் கிழிந்து விழுந்தது. இரண்டு வருடத்து மாமியார்களும் மருமகள்களும் அடுக்கடுக்காகக் கழன்றார்கள். பலாப்பழம் பூசணிக்காய் ஆனது. மண்பானை தெரியப் போகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

மண்பானையே இல்லை. அது எப்போதோ உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தது. சணல்தான் இத்தனை நாளும் உண்டியலாக நின்றிருக்கிறது. கடைசிச் சுற்று கழன்றதும் ஓட்டுச்சில்லும் நாணயமும் முறுக்கு நோட்டும் ஒன்றாகச் சித்தப்பா மடியில் கொட்டின. நோட்டெல்லாம் மயில்துத்தத்தில் ஊறி லேசாக நீலம் பூத்திருந்தது.

சித்தப்பாவைச் சில்லறை பொறுக்க விட்டுவிட்டு, ஈர நோட்டுகளை அள்ளிக்கொண்டு சித்தியும் நானும் மாடிக்கு ஓடினோம். பங்குனி வெயில். கொடியில் கிளிப் போட்டு மாட்டினால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். சித்தி ஒவ்வொரு நோட்டாக எடுத்து முறுக்கைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிலதை இந்தப் பக்கக் கொடியில் மாட்டினாள், சிலதை அந்தப் பக்கக் கொடியில்.

"எதுக்கு சித்தி ரெண்டு கொடி?"

"இது வலப்பக்கம் சாஞ்ச முறுக்கு. என் கை." அடுத்த நோட்டை எடுத்தாள். "இது இடப்பக்கம் சாயுது. என் கைக்கு இப்படி வராதே."

நான் கிளிப்பை எண்ணினேன். கணக்கில் பெயிலானவள் எண்ணுகிற மாதிரி எண்ணினேன்.

"ஈரத்துல திரும்பிருக்கும்" என்றேன்.

"ஆமாமா. திரும்பிருக்கும்." அந்தப் பக்கக் கொடியும் நிறைந்துகொண்டே வந்தது. சித்தி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அன்னைக்கு நாற்காலிக் கால்ல கெடந்துச்சே ஒரு முடிச்சு. அதுவும் பீச்சாங்கை முடிச்சுத்தான். ஆளுக வர்றதுக்குள்ள அவுக்குறதுக்கு நான் பட்ட பாடு! வாயில ரத்தம், கையில முடிச்சு. பல்லால கடிச்சு இழுக்கலாம்னு பாத்தா, பல்லக் காணோம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொடியில் காய்ந்த அம்பது ரூபாய்க்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"ஏன் சித்தி சொல்லல?"

"சொன்னா உங்கம்மா உன் முதுகுல சணல் சுத்திருப்பா." சித்தி சிரித்தாள். முந்தானையை மறந்துவிட்டாள். "அழாதட்டி. நோட்டு இப்பத்தான் காயுது, மறுபடி நனைச்சுராத."

ஒரு மணிப் பஸ்ஸைப் பிடித்தோம். பல் ஆஸ்பத்திரியில் கவுண்டர் பெண் நீலம் பூத்த நோட்டுகளை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, பசை வாசம் அடிக்குது?" என்றாள். "காசுதாம்மா, ஒட்டுனா ஒட்டட்டும்" என்றாள் சித்தி. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்தாள். வாயை மூடியே வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கால் கிலோ காராச்சேவு வாங்கி, ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள். 'கடக்' என்றது. அந்தச் சத்தத்தை அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு கால் கிலோவைத் தனியாகக் கட்டித் தரச் சொன்னாள், போர்மேனுக்கு.

செவ்வாய்க்கிழமை முளைப்பாரி கிளம்பியபோது முன்வரிசையில் சித்தி. மாரித்தாய் அக்காள் மரியாதையாக இரண்டு அடி தள்ளி நின்றாள். சித்தி நாக்கைச் சுழற்றினாள். முதல் குலவைக்கே மூன்றாவது தெருக் கன்றுக்குட்டி கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு வருடமாக அது காத்திருந்திருக்கும். மைக் செட்காரர் ஸ்பீக்கரை அணைத்தே விட்டார். போர்மேன் சுடலை மட்டும் பழக்க தோஷத்தில் காதைப் பொத்திக்கொண்டு பாதி குனிந்துவிட்டு, சுற்றிப் பார்த்து, வேட்டியைச் சரி செய்கிற மாதிரி நிமிர்ந்தார்.

மறுநாள் சித்தி வீட்டுக்குப் போனேன். டி.வி.யில் மாமியார், மருமகள். சித்தி மடியில் புது மண் உண்டியல். இந்தத் தடவை எதற்கென்று கேட்டேன். சங்கையாவுக்கு ஒரு டிரம் லாரித் தண்ணீரும், நமக்கு ஒரு புது நாற்காலியும் என்றாள். பிறகு சணல் கட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ சுத்துட்டி."

"நானா? எனக்குச் சுத்த வராது சித்தி. எல்லாம் எடக்காப் போகும்."

"எடக்காத்தான் போகணும்" என்றாள் சித்தி, டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அப்பத்தான் என் கையால பிரிக்க முடியும்."